சொந்தத் தோப்பிலா, காங்கயத்திலா?

கேள்வி: ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது, உயில் எதுவும் எழுதவில்லை. நான் சுற்று வட்டாரத்தில் காய் வாங்கி, மட்டை உரித்து, காங்கயம் வியாபாரிகளுக்கு லாரியில் அனுப்புகிறேன். இனி நானே களம் போட்டுக் கொப்பரை காயவைத்து, சின்னதாக ஓர் எண்ணெய் ஆலையும் வைக்கலாம் என்று எண்ணம். இரண்டு இடம் பார்த்திருக்கிறேன். ஒன்று எங்கள் தோப்பு. நிலச் செலவு கிடையாது, கிணறு இருக்கிறது, கரண்ட் இருக்கிறது. இன்னொன்று காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில், களத்தோடு சேர்ந்த இரண்டு ஏக்கர். மாத வாடகை 45 ஆயிரம் கேட்கிறார்கள். பேங்க் லோனுக்குத் தோப்பைத்தான் காட்டப்போகிறேன். தங்கச்சி ஆடி நோம்பிக்கு வரும்போது ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும். அவளுக்கு நல்லபடியாக நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு. அம்மா என்னோடுதான் இருக்கிறார். எந்த இடம் சரி என்று சொல்லுங்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை மாவட்டம்

பதில்: தம்பி, வாடகை எவ்வளவு, கிணறு எங்கே, கரண்ட் உண்டா என்றெல்லாம் கணக்காக எழுதிய நீங்கள், ‘ஒரு கையெழுத்து’ என்பதை மட்டும் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எந்தப் பத்திரத்தில் கையெழுத்து? தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரமா, பேங்க் அடமானப் பத்திரமா? எதற்குப் போடுகிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?

நோம்பிக்கு வந்த பிள்ளைக்குப் பலகாரம் கொடுத்து, மருதாணி வைத்து, மறுநாள் காலையில் ‘சும்மா ஒரு வேலை’ என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் காரில் கூட்டிக்கொண்டு போகிற கதை எனக்குப் புதிதில்லை. இந்தப் பகுதிக்கு அண்ணன்மார் எழுதும் கடிதங்களிலும் வருகிறது, பல வருடம் கழித்துத் தங்கச்சிகள் எழுதும் கடிதங்களிலும் வருகிறது. இரண்டாவது வகைக் கடிதங்களைப் படிக்கத் தனித் தெம்பு வேண்டும்.

முதலில் யாருடைய நிலம் என்று பார்ப்போம். அப்பா தானே சம்பாதித்து வாங்கியது, உயில் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 1956 ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. ‘பெண்ணுக்குப் பங்கெல்லாம் இப்போது வந்த சட்டம்தானே’ என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது பூர்வீகச் சொத்துக்கு. அதற்குத் தமிழ்நாட்டில் 1989 லேயே வழி செய்துவிட்டார்கள், நாடு முழுக்க 2005 இல் வந்தது. அப்பா எப்போது இறந்திருந்தாலும் மகளுக்கு அந்தப் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 இல் தீர்த்துச் சொல்லிவிட்டது. உங்கள் தோப்புக்கு இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுடைய பங்கு, நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே சட்டத்தில் இருக்கிறது.

ஆக, நாலு ஏக்கரில் உங்களுடையது 1 ஏக்கர் 33 சென்ட். மிச்சம் அம்மாவுடையதும் தங்கச்சியுடையதும். ‘நிலச் செலவு கிடையாது’ என்று எழுதினீர்களே, யாருக்குக் கிடையாது? காங்கயத்துக்காரர் இரண்டு ஏக்கருக்கு வாடகை கேட்கிறார், கணக்கில் ஏறிவிட்டது. தங்கச்சியும் அம்மாவும் கேட்கவில்லை, அதனால் பூஜ்யம். உங்கள் ஒப்பீடே இந்தப் பூஜ்யத்தின் மேல்தான் நிற்கிறது. இடம் பார்க்கிறவர்கள் செய்கிற முதல் தப்பு இதுதான்: சொந்த நிலத்துக்கு வாடகை எழுதுவதில்லை. உங்கள் விஷயத்தில் அது முழுக்கச் சொந்த நிலம்கூட இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். மூன்று வருடமாகத் தோப்பில் காய் வெட்டி விற்ற காசு யார் கையில் இருக்கிறது? ஏக்கருக்கு 70 மரம் என்று வைத்தால் 280 மரம். வெள்ளை ஈ, வேர் வாடல் என்று தென்னையைத் தாக்குகிற எல்லாவற்றையும் கழித்துவிட்டு மரத்துக்கு வருடம் 70 காய் என்று குறைத்தே போடுவோம். 19,600 காய். அதில் மூன்றில் ஒரு பங்கு 6,500 காய்க்கு மேல் வருகிறது. உரக் கூலி, வெட்டுக் கூலி, தண்ணீர் பாய்ச்சும் கூலி எல்லாம் கழித்துக்கொள்ளுங்கள், உங்கள் உழைப்புக்கும் ஒரு சம்பளம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகாவது தங்கச்சி கைக்கு ஏதாவது போனதா? காய் வியாபாரம் செய்கிற உங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

‘நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு.’ போட்டது அப்பா. அதே அப்பா உங்களைப் படிக்க வைத்திருப்பார், வண்டி வாங்கிக் கொடுத்திருப்பார், வியாபாரத்துக்கு முதல் பணம் கொடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அதையெல்லாம் உங்கள் பங்கில் யாராவது கழித்தார்களா? அப்புறம், அவளுடைய நகையை மட்டும் எதற்கு எடுத்துவந்து தராசில் வைக்கிறீர்கள்? நகை போட்டதால் மகளுடைய பங்கு போய்விடும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. சட்டம் கிடக்கட்டும். அப்பாவுக்குப் பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அது நீங்கள்தான். நாளைக்கு அவள் பெண் பெரியவளானால் தாய்மாமன் சீர்த் தட்டோடு நீங்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். அந்தச் சீர் உங்கள் கடமை. அவளுடைய நிலத்துக்கு அதை விலையாகக் கழிக்கலாம் என்று நினைப்பவன் சீர் கொண்டுபோகாமலே இருக்கலாம்.

அம்மாவைப் பற்றி ‘என்னோடுதான் இருக்கிறார்’ என்று ஒரு வரி. அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றுகூட உங்களுக்குத் தோன்றவில்லை பாருங்கள். சோறு போடுவதால் அவருடைய பங்கும் உங்களுடையதாகிவிட்டது என்ற எண்ணமா?

சிங்கூர் ஞாபகம் இருக்கிறதா? 2006 இல் டாட்டா மோட்டார்ஸ் நானோ கார் தொழிற்சாலைக்கு மேற்கு வங்காளத்தில் தேர்ந்தெடுத்த இடம். கொல்கத்தாவுக்குப் பக்கம், விரைவுச் சாலையை ஒட்டி, ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர். இடத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நிலம் கொடுக்க மனமில்லாத விவசாயிகளிடமிருந்தும் சேர்த்து மாநில அரசு எடுத்தது, அதுதான் குறை. கட்டடம் பெரும்பாலும் எழும்பி நின்ற நிலையில் 2008 அக்டோபரில் டாட்டாக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு குஜராத்தில் சாணந்துக்குப் போனார்கள். 2016 இல் உச்ச நீதிமன்றம் அந்த நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. டாட்டாவுக்குப் போய்ச் சேர இன்னொரு மாநிலம் இருந்தது. நீங்கள் கடன் வாங்கிக் களம் போட்டு, எண்ணெய் பிழிகிற எக்ஸ்பெல்லர் மெஷினை இறக்கிய பிறகு மாப்பிள்ளை ஒரு பாகப்பிரிவினை வழக்குப் போட்டுத் தடை வாங்கினால் நீங்கள் எங்கே போவீர்கள்? பிரிக்காத நிலத்தில் ஒரு பங்காளி தன் பணத்தில் கட்டினாலும், அடியில் இருக்கிற மண் எல்லோருக்கும் பொதுதான். பேங்க் வக்கீலும் லேசுப்பட்டவர் கிடையாது. வாரிசுச் சான்றிதழைப் பார்த்ததும் மூன்று பேரையும் வரச்சொல்வார். அந்த மேஜையில் உட்கார்ந்து முதல் தடவையாக விஷயத்தைக் கேள்விப்படுகிற தங்கச்சியின் முகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

சரி, இடத்துக்கு வருவோம். இதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை.

தோப்பில் கிணறு இருக்கிறது என்று நல்ல அம்சமாக எழுதியிருக்கிறீர்கள். கொப்பரைக்குத் தண்ணீர் எதற்கு? பாதிக்குப் பாதி ஈரமாக இருக்கிற பருப்பை ஆறு ஏழு சதவீதத்துக்குக் காயவைப்பதுதான் தொழிலே. வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். ஆனைமலை அடிவாரத்தில் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று எத்தனை நாள் மூட்டம் போடும் என்று அங்கேயே பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் மழை பிடித்தால் பூஞ்சணம் பூத்துப் பருப்பு கறுத்துவிடும், விலை போகாது. அப்புறம் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கக் கந்தகப் புகை போடலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். காங்கயத்தில் தென்னை குறைவு, களம் அதிகம். மழை குறைந்த, காற்று வறண்ட பூமி என்பதால்தான் உங்கள் ஊர்க் காயே எழுபது எண்பது கிலோமீட்டர் தாண்டி அங்கே போய்க் காய்கிறது. சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றியதற்கும் இந்த வறட்சி ஒரு காரணம்.

எதிர்வாதமும் உண்டு. ஆயிரம் காயில் கொப்பரையாக மிஞ்சுவது 130 முதல் 150 கிலோதான், அதை ஆட்டினால் எண்ணெய் அறுபது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. எடை இப்படிக் குறைகிற சரக்கைத் தோப்புப் பக்கத்திலேயே பக்குவப்படுத்தினால் லாரி வாடகை மிச்சம் என்பது நியாயம்தான். ஆனால் அந்த வாடகையை நீங்கள் இன்றைக்கும் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? புதிதாக ஏறுவது களத்து வாடகை மட்டும். மாதம் ஒன்றரை லட்சம் காய் ஓட்டினால் காய்க்கு 30 பைசா. ஒரே ஒரு மழையில் கறுக்கிற கொப்பரையை எடுத்துப் போட்டுப் பாருங்கள், 30 பைசா பெரிதாகத் தெரியாது. தேங்காய் உடைத்துப் பருப்பு தோண்டத் தெரிந்த ஆட்கள், எக்ஸ்பெல்லர் நின்றுபோனால் அன்றைக்கே வரும் மெக்கானிக், தொட்டியை (சிரட்டையை) கரிக்கு வாங்குபவர், புண்ணாக்கு வாங்குபவர் எல்லாம் அங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள்.

கரண்ட் விஷயத்திலும் ஏமாறாதீர்கள். தோப்பில் இருப்பது விவசாயத்துக்கான இலவச இணைப்பாக இருந்தால் அதில் ஆலை மோட்டார் ஓட்டக் கூடாது. பிடித்தால் அபராதம், இணைப்பும் போகும். தொழிலுக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும். விவசாய நிலத்தில் ஆலைக் கட்டடம் கட்ட அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இதெல்லாம் தனி. வேர் வாடல் உங்கள் பக்கம் பரவுகிற வேகத்தில், பக்கத்துத் தோப்புகளை மட்டும் நம்பி ஆலையை அங்கே நட்டுவைக்கவும் எனக்குத் தைரியம் வராது.

அதனால் காங்கயம் பக்கத்துக் களத்தை மூன்று வருடக் குத்தகைக்குப் பேசுங்கள். ஒரு வருடத்தைத் தாண்டினால் பத்திரம் பதிவு செய்தே ஆக வேண்டும், பதினோரு மாத ஒப்பந்தத்தில் திருப்தி அடையாதீர்கள். முதல் வருடம் களம் மட்டும். ஒரு முழுப் பருவமழையைப் பார்த்த பிறகு ஆலை. லோனுக்குத் தோப்பைத் தொடாதீர்கள், கையில் இருக்கிறதைக் கொண்டு சின்னதாக ஆரம்பியுங்கள்.

காங்கயம் போய்விட்டால் தங்கச்சி விஷயம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஆடி வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போங்கள். மாப்பிள்ளையும் இருக்கிற நேரமாகப் பார்த்து, மூலப்பத்திரத்தையும் மூன்று வருடத் தோப்புக் கணக்கையும் முன்னால் வையுங்கள். உன் பங்கு இவ்வளவு, இன்றைய விலை இவ்வளவு, நிலமாக வேண்டுமா, பணமாக வேண்டுமா, குத்தகைக் காசு போதுமா என்று கேளுங்கள். எனக்கு வேண்டாம், அண்ணனே வைத்துக்கொள்ளட்டும் என்று அவள் சொன்னால்கூட அன்றைக்குக் கையெழுத்து வாங்காதீர்கள். ஒரு மாதம் போகட்டும், விலை தெரிந்து, யோசித்து, அப்போதும் அதையே சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது அம்மாவின் பங்கை அம்மா பெயரிலேயே எழுதுங்கள். அவர் காலத்துக்குப் பிறகு என்ன என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஆலை பற்றி மறுபடி எழுதுங்கள். எக்ஸ்பெல்லருக்கு எத்தனை எச்பி மோட்டார், மாதம் உண்மையில் எத்தனை காய் ஓடுகிறது என்று சேர்த்து எழுதுங்கள். இந்தக் கடிதத்தில் இரண்டும் இல்லை, ஒன்றரை லட்சம் காய் என்பது நானாகப் போட்ட கணக்கு.