ஹோர்முஸ் நீரிணையும் எண்ணெய்க் கப்பல்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஈரானுக்கும் ஓமானுக்கும் நடுவே வளைகுடாவின் வாயிலாக உள்ள ஹோர்முஸ் நீரிணை மிகக் குறுகிய இடத்திலும் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம் கொண்டது என்கிறார்கள். அவ்வளவு பெரிய கடலை ஒரு நாட்டால் எப்படி அடைக்க முடியும்?

பதில்: அந்த அகலம் முழுவதும் கப்பல் போக்குவரத்துக்குப் பயன்படுவதில்லை. 20 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் ஏற்றிய டேங்கரின் அடிப்பாகம் நீருக்குள் 20 மீட்டருக்கும் கீழே இறங்கியிருக்கும்; அது நினைத்த இடத்தில் திரும்பவோ நிற்கவோ இயலாது. ஆகவே உள்ளே வர ஒன்று, வெளியே செல்ல ஒன்று என இரு தடங்கள், ஒவ்வொன்றும் 2 கடல் மைல் (ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர்) அகலத்தில் வகுக்கப்பட்டுள்ளன. எண்ணெய் நிரப்பிய கப்பல்கள் ஓமானின் முசந்தம் பக்கமுள்ள தெற்குத் தடத்தில் வெளியேறுகின்றன.

இந்தத் தடங்களில் போக்குவரத்து நிற்பதற்கு எல்லாக் கப்பல்களும் தாக்கப்பட வேண்டியதில்லை. வழக்கமான கப்பல் காப்பீட்டில் போர் ஆபத்து அடங்காது. லண்டன் காப்பீட்டுச் சந்தையின் கூட்டுப் போர்க் குழு ஆபத்தானது என்று பட்டியலிட்ட கடற்பகுதிக்குள் நுழைய, கப்பல் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று, பெரும்பாலும் 7 நாள் கணக்கில், கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். 10 கோடி டாலர் பெறுமான கப்பலுக்கு 0.2 சதவீதம் என்றால் 2 லட்சம் டாலர். அதுவே 1 சதவீதமானால் ஒரே பயணத்துக்கு 10 லட்சம் டாலர். அந்த நிலையில் உரிமையாளர்கள் தாங்களாகவே நங்கூரமிட்டுக் காத்திருக்கத் தொடங்குவார்கள். நீரிணை 'மூடப்படுவது' என்று நான் கருதுவது பெரும்பாலும் இதைத்தான்.

கேள்வி: ஈரான்-ஈராக் போரின்போது போர்க்கப்பல்களின் துணையோடு டேங்கர்கள் சென்றனவே, அது பலன் அளித்ததா?

பதில்: ஓரளவு அளித்தது. 1984 முதல் இரு தரப்பும் வணிகக் கப்பல்களைத் தாக்கியபோதும் எண்ணெய் ஏற்றுமதி நின்றுவிடவில்லை. ஆனால் அமெரிக்கக் கொடியேற்றிய குவைத் டேங்கர்களின் முதல் பாதுகாப்புப் பயணத்திலேயே, 1987 ஜூலை 24 அன்று, பிரிட்ஜ்டன் என்ற டேங்கர் கண்ணிவெடியில் மோதியது. அதன்பின் காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள் அந்த டேங்கரின் பின்னால் வரிசையாகச் சென்றன; மெல்லிய உடல் கொண்ட போர்க்கப்பலைவிடப் பிரம்மாண்டமான டேங்கரே இன்னொரு வெடிப்பைத் தாங்கும் என்பதே காரணம். அடுத்த ஏப்ரலில் சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை உடைத்ததும் 1908-ஆம் ஆண்டு வடிவமைப்பைச் சேர்ந்த கண்ணிவெடிதான். வான்வழித் தாக்குதலைக் காவல் கப்பல்கள் தடுக்கலாம். மலிவான, பழைய கண்ணிவெடியைத் தேடி அகற்ற வாரங்கள் ஆகும் என்பதால் நான் இன்றும் அதையே பெரிதாக அஞ்சுகிறேன்.

கேள்வி: குழாய் வழியாக எண்ணெயை வேறு துறைமுகங்களுக்குக் கொண்டுபோக முடியாதா?

பதில்: ஒரு பகுதியை மட்டும் கொண்டுபோகலாம். 2024-இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி பீப்பாய், அதாவது உலக எண்ணெய் நுகர்வில் ஐந்தில் ஒரு பங்கு, இந்த நீரிணை வழியே சென்றது. சவூதி அரேபியாவில் அப்கைக்கிலிருந்து செங்கடல் கரையின் யன்புவுக்கும், அமீரகத்தில் ஹப்ஷானிலிருந்து ஃபுஜைராவுக்கும் செல்லும் குழாய்கள் இரண்டும் முழுத் திறனில் இயங்கினாலும் அதில் பாதியைக்கூட எட்டா. அந்த மாற்று வழிகளும் ஆபத்தற்றவை அல்ல. ஃபுஜைரா அருகே 2019 மே மாதம் நான்கு கப்பல்கள் தாக்கப்பட்டன. யன்புவிலிருந்து ஆசியாவுக்கு வரும் கப்பல், 2023 நவம்பர் முதல் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய, செங்கடலின் தெற்கு வாயிலான பாப் எல் மண்டேப் நீரிணை வழியாகவே வர வேண்டும்.

எரிவாயுவின் நிலை இன்னும் கடினமானது. கத்தாரின் ராஸ் லஃபானில் ஏற்றப்படும் திரவ இயற்கை எரிவாயுவுக்கு வேறு கடல்வழியே கிடையாது. இந்தியா தன் சமையல் எரிவாயுத் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. அதில் பெரும்பகுதி நெடுங்காலமாக வளைகுடா நாடுகளிலிருந்தே வந்திருக்கிறது. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் நிலத்தடியில் 53.3 லட்சம் டன் சேமிக்கும் வசதி கச்சா எண்ணெய்க்கு உண்டு. சிலிண்டர் எரிவாயுவுக்கு அந்த அளவில் இருப்பு வைக்காதது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: சர்வதேசச் சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, இத்தகைய நீரிணைகளில் எல்லா நாட்டுக் கப்பல்களும் தடையின்றிக் கடந்து செல்லலாம். ஈரான் அதில் கையெழுத்திட்டபோதும் அதை உறுதிசெய்யவில்லை. உடன்படிக்கையை ஏற்காத நாடுகளுக்கு அந்த உரிமை பொருந்தாது என்பது ஈரானின் வாதம்.

கேள்வி: என் மகன் டேங்கரில் பணிபுரிகிறான். அந்தப் பக்கம் போக மாட்டேன் என்று அவனால் சொல்ல முடியுமா?

பதில்: அவருடைய ஒப்பந்தத்தைப் பொறுத்தது, அம்மா. சர்வதேசத் தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள கப்பல்களில், 'போர் நடவடிக்கைப் பகுதி' என்று அறிவிக்கப்பட்ட கடலுக்குள் செல்ல மறுத்து, நிறுவனத்தின் செலவிலேயே ஊர் திரும்பும் உரிமை மாலுமிக்கு உண்டு. 2019 ஜூலையில் ஈரான் பிடித்த ஸ்டெனா இம்பெரோ கப்பலின் 23 பணியாளர்களில் 18 பேர் இந்தியர்கள். கப்பல் விடுவிக்கப்பட இரண்டு மாதங்களுக்கு மேலாயிற்று. எனவே உங்கள் மகனின் ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு உள்ளதா, பிடித்து வைக்கப்பட்ட காலத்துக்கும் சம்பளம் உண்டா, பணிக்கு அனுப்பிய முகமை இந்தியக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றதா என்பவற்றை அவர் கப்பலேறும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.