ஸ்பைக்ஸுக்கும் ஒரு பொட்டு

அன்புள்ள அக்கா,

பாலக்காடு ஜில்லா எல்லையில், வேலந்தாவளம் பக்கத்தில் இருக்கிறேன். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் தேங்காய் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். பையன் ஒன்பதாவது படிக்கிறான், மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். பெண் ஏழாவது, 600 மீட்டர் ஓடுகிறாள். இரண்டு பேருக்கும் கேரளா பள்ளிக்கூடம்தான், தமிழ் மீடியம்.

புரட்டாசி பாதியில் ஆரம்பித்தால் கார்த்திகை பிறக்கும்வரை நான் ஒரு இடத்தில் உட்கார முடியாது. விடிகாலையில் அவளைக் கிரவுண்டில் விடவேண்டும். சாயங்காலம் ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே மிருதங்கத்தை நிறுத்தி, அதற்கு உரச்சாக்கைச் சுற்றி, இவனைக் கிளாசில் விடவேண்டும். தீபாவளி பிளவுஸ் எல்லாம் ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகுதான் தைக்கிறேன். சில கஸ்டமர்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் அக்கா, வருஷத்தில் இந்த நாட்கள்தான் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இந்தத் தடவை பூஜை வைப்பில் பெண் தன் ஸ்பைக்ஸையும் (அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ) புத்தகத்தோடு வைத்துவிட்டாள். பூஜை எடுக்கிறவரை தொடக்கூடாதே என்று வெறுங்காலில் ஓடினாள். என் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, “செருப்பைக் கொண்டுபோய் சரஸ்வதி முன்னால வெக்கிற வீடு உருப்படுமா?” என்றார். அப்புறம், “நீ ஓடலைங்கற குறைக்கு அவளை ஓட விடற. இதெல்லாம் உனக்காகத்தான், புள்ளைகளுக்காக இல்லை” என்றார். நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். அவர் சொன்னது மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நான் யாருக்காகச் செய்கிறேன்?

இன்னொன்று. பெண்ணுக்கு ஜில்லா ஸ்போர்ட்ஸும் பையனுக்கு சப் ஜில்லா கலோத்சவமும் (பள்ளிக்கூடக் கலைப்போட்டி) ஒரே நாளில் வருகிறது. இவர் அன்றைக்கு லோடு ஏற்றிப் போயிருப்பார். நான் எங்கே போவது?

பெயர் போடவேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் செருப்பு விஷயத்தை முடித்துவிடுகிறேன். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வரி: அந்தப் பக்கம் துர்காஷ்டமி சாயங்காலம் புத்தகங்களைப் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி காலையில்தான் எடுப்பார்கள். அதுவரை படிக்கக்கூடாது. கேரளாவில் படித்த பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள், இதைவிட நல்ல பண்டிகை உண்டா என்பார்கள்.

நம் பக்கம் ஆயுத பூஜைக்கு லாரி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். லேத்துக்குச் சந்தனம் வைக்கிறோம். அரிவாள்மணைக்கும் குங்குமம் உண்டு. உங்கள் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்திருப்பீர்கள். அதை வருஷம் முழுக்கக் காலால்தான் மிதிக்கிறீர்கள், நாத்தனார் உட்பட யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஓடுகிற பெண்ணுக்கு ஸ்பைக்ஸ்தானே ஆயுதம்? அடுத்த வருஷம் ஆணிகளுக்கு நடுவில் இருக்கும் மண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்து, துடைத்து வைக்கச் சொல்லுங்கள், போதும். பூஜையில் இருக்கிறது என்பதற்காக வெறுங்காலில் ஓடினாள் பாருங்கள், அதை நாத்தனாரிடம் சொன்னீர்களா? எனக்கு உங்கள் கடிதத்தில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்காகத்தான் செய்கிறீர்கள். ஆமாம். அதில் என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை.

பிள்ளைகளுக்காக எதையாவது செய்தால் அது கஷ்டமாகத்தான் இருக்கவேண்டும், சந்தோஷமாகச் செய்தால் சுயநலம் என்று நம் வீடுகளில் ஒரு எண்ணம் இருக்கிறது. அம்மா என்றால் தியாகம் செய்யவேண்டும். தூக்கம் கெட்டது, கஸ்டமர் போனது, முதுகு வலித்தது என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். இப்படித் தியாகம் செய்தவர்கள் ஒருநாள் கணக்கை எடுத்து நீட்டாமல் இருந்து நான் பார்த்ததில்லை. “உனக்காக ராத்திரி முழுக்கத் தைச்சேன், நீ நாலாவதா வந்து நிக்கற” என்று ஒரு அம்மா பெண்ணிடம் சொல்வதை மைதானத்து வாசலில் நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை மூடித் திறந்து, மூடித் திறந்து நின்றுகொண்டிருந்தது. உங்களுக்கு அது சந்தோஷம் என்றால் வரவேண்டியது அன்றன்றைக்கே வந்து சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் உங்களுக்குப் பாக்கி ஒன்றும் வைக்கவில்லை.

நீங்கள் ஓடாத ஓட்டத்தை அவள் ஓடுகிறாளா என்பதை அவளே சொல்லிவிடுவாள். காலையில் யார் யாரை எழுப்புகிறீர்கள்? அவள் உங்களை எழுப்புகிறாள் என்றால் விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் நீங்கள்தான் அவளை உலுக்கி எழுப்பவேண்டியிருக்கிறது என்றால் உட்கார்ந்து பேசவேண்டும். வெறுங்காலில் ஓடியவளைப் பற்றி எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை.

பாலக்காட்டில் இந்தப் பேச்சு வந்தால் உடனே நீளம் தாண்டும் ஸ்ரீசங்கர் பெயரை எடுப்பார்கள். அப்பா ட்ரிப்பிள் ஜம்ப், அம்மா 800 மீட்டர், அப்பாவே பயிற்சியாளர். 2022இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். அது தொழில் தெரிந்த வீடு. அதே ஜில்லாவில்தான் ஓட்டக்காரி முண்டூர் சித்ராவும் இருக்கிறார். பெற்றோர் கூலி வேலைக்குப் போனவர்கள். பயிற்சி எல்லாம் பள்ளிக்கூடத்தில், உடற்கல்வி ஆசிரியரிடம். 2017இல் புவனேஸ்வரிலும் 2019இல் தோஹாவிலும் ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டர் தங்கம். எந்தக் காலை முதலில் வைக்கவேண்டும் என்று நமக்குத் தெரியாது, நாம் சித்ரா வீட்டு ரகம். நமக்கு ரசிகர் வேலை மட்டும்தான், அது சின்ன வேலையும் இல்லை.

கச்சேரி முடிந்து வெளியே வருகிற வித்வானை வாசலில் மடக்கி, தனி ஆவர்த்தனத்தில் அந்தத் தாளக் கோர்வை சரியாக வந்து விழவில்லையே என்று விளக்கும் மாமாக்கள் பாலக்காட்டுக் கல்பாத்தியில் உண்டு. பெற்றோரில் பாதிப்பேர் அந்த மாமாக்கள்தான். பக்கவாட்டில் நின்று “கையை வீசு, கையை வீசு” என்று கத்துவது, திரும்பி வரும்போது வழி முழுக்க எங்கே தப்பு நடந்தது என்று ஆராய்ச்சி செய்வது. வாத்தியார் அதைச் செய்துவிடுவார். நீங்கள் பெயரைச் சொல்லிக் கத்துங்கள். வரும் வழியில் பரோட்டா வாங்கிக் கொடுங்கள். அவளாகப் பேசினால் கேளுங்கள்.

600 மீட்டர் பார்க்கவே அழகான ஓட்டம், தெரியுமா? 400 மீட்டர் டிராக்கில் ஒன்றரைச் சுற்று. நீங்கள் முடிவுக்கோட்டில் நின்றால் ஆரம்பம் எதிர்ப்பக்கத்தில் நடக்கும். அத்தனை குழந்தைகளில் நம் குழந்தை எது என்று ரிப்பனை வைத்துத்தான் தேடவேண்டும். அரைச்சுற்றில் உங்கள் முன்னாலேயே ஓடிப் போவாள், அப்போது திரும்பிப் பார்க்கமாட்டாள். மறுபடி எதிர்ப்பக்கம் போய்விடுவாள். அங்கேதான் ஒவ்வொருத்தியாகப் பின்தங்குவார்கள், இங்கிருந்து எதுவும் விளங்காது. கடைசி வளைவில் திரும்பும்போதுதான் முகம் தெரியும். நெஞ்சில் குத்தியிருக்கும் நம்பர் துணி ஒரு பின் கழன்று படபடக்கும். (தையல்காரி மகள், உங்கள் வீட்டில் பின்னே குத்தமாட்டீர்கள், ஓரம் தைத்தே அனுப்புவீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.)

இதெல்லாம் துலாவர்ஷத்தில் நடக்கிறது என்பதுதான் கூடுதல் கூத்து. துலாம் என்றால் நம் ஐப்பசி. காலையில் சித்திரை மாதிரி வெயில். மத்தியானம் தாண்டினால் மலைப்பக்கம் கறுத்து இடி. சுண்ணாம்புக் கோடு கரைந்து ஓடும். வாத்தியார்கள் சாக்கை இழுத்துத் தண்ணீரைத் தள்ளிவிட்டு மறுபடி கோடு போடுவார்கள். மழையில் ஓடட்டும், ஒன்றும் ஆகாது. இடியில் மட்டும் வேண்டாம். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னல் கவனம் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இந்த மாதங்களில் எச்சரிப்பது சும்மா இல்லை. சத்தம் கேட்டதும் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். அந்தப் பக்கம் மைதான ஓரமெல்லாம் பனைமரம், அதன் அடியில் மட்டும் ஒதுங்கவேண்டாம். நனைந்த ஷூவுக்குள் பழைய பேப்பரைத் திணித்து நிழலில் வையுங்கள்.

பையன் விஷயம் இன்னும் சுவாரசியம். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், இந்த மாதங்களில் அவன் சுருதி சேர்க்கக் கல்லும் மரப்புள்ளுமாகத் தட்டிக்கொண்டே இருப்பான். தொப்பிப் பக்கம், அதாவது இடது முகத்தில், ஒட்டுகிற ரவையை எவ்வளவு பிசைந்தால் சரி என்று அவனிடம் கேளுங்கள். பெருமையாகச் சொல்லிக் கொடுப்பான். உப்புமாவுக்கு வாங்கின ரவை பாதி அங்கேதான் போயிருக்கும். கொஞ்ச நாளில், அடுப்படியில் இருந்தபடியே ரவை கூடிப்போச்சு என்று நீங்கள் சொல்வீர்கள். பிள்ளைகள் நமக்கு ஒன்றைக் கற்றுத்தரும் சந்தோஷம் வேறு எங்கும் கிடைக்காது. என் மகள் வாலிபால் ஆடினாள். இப்போது பேங்க் வேலை, பந்தைத் தொட்டே பல வருஷம் ஆகிறது. எனக்கோ டிவியில் எந்த மேட்ச் ஓடினாலும் இன்றும் சேனல் மாற்றக் கை வராது. யார் பூஸ்டர், யார் லிபரோ என்று தெரிந்து பார்க்கிறேன். அவள் எனக்குக் கொடுத்தது.

கலோத்சவத்தைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கே போட்டி பிள்ளைகளுக்கு நடுவில் நடப்பதைவிடப் பெற்றோருக்கு நடுவில்தான் அதிகம். ஒரு காலத்தில் கலாதிலகம், கலாபிரதிபா என்று பட்டங்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்காக நடந்த அடிதடியில் அவற்றை நிறுத்தவேண்டியதாகிவிட்டது. இப்போது அப்பீல். கீழே தோற்றால் பணம் கட்டி அப்பீல் போட்டு மேலே ஏற்றிவிடப் பார்ப்பது. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த மாநிலக் கலோத்சவத்தில் திருச்சூர் 1008 புள்ளி, பாலக்காடு 1007. ஒரே ஒரு புள்ளியில் தங்கக் கோப்பை போனது. அந்த ஒரு புள்ளி எங்கே போனது என்று டீக்கடையில் இன்றும் பேசுகிறார்கள். ஊர் பேசட்டும். உங்கள் பையனுக்கு ஏ கிரேடு வரவில்லை என்றால் அப்பீல் பாரத்தைத் தேடி ஓடாதீர்கள். அந்தப் பணத்தில் ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தித் தேருக்குக் கூட்டிப்போங்கள். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் வாசித்து வளர்ந்த மண், அங்கே மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தனி ஆவர்த்தனம் கேட்கட்டும். போட்டி இல்லாத ஒரு சாயங்காலம் அவனுக்கும் வேண்டும்.

கஸ்டமர் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. தீபாவளிக்கு என்று வாங்கின துணியைத் தீபாவளிக்குக் கொடுத்தாகவேண்டும். இந்த இரண்டு மாதம் பாதி ஆர்டர் மட்டும் எடுங்கள். புரட்டாசி பிறக்கும்போதே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ராத்திரி கண்விழித்துத் தைத்துவிட்டு விடிகாலையில் ஸ்கூட்டர் ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. வருமானம் குறையும்தான், அதை வீட்டுக்காரரிடம் பேசுங்கள். அப்படியே அவரையும் ஒருநாள் கிரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். லாரிக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு கொடுத்தால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. நாத்தனாரையும் கூப்பிடுங்கள். கடைசி வளைவில் முகம் தெரியும்போது அவர் எழுந்து நிற்கிறாரா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள்.

ஒரே நாளில் இரண்டும் வருவதற்கு நீங்கள் இத்தனை கவலைப்படவேண்டாம். முதலில் ஜில்லா ஸ்போர்ட்ஸுக்குப் போங்கள். டிராக்கில் காலையிலேயே தொடங்கிவிடுவார்கள், மழைக்குப் பயந்தாவது நேரத்துக்கு நடத்துவார்கள். 600 மீட்டர் இரண்டு நிமிஷச் சமாச்சாரம். மிருதங்கத்தைப் பையனோடு முதல் நாளே வாத்தியார் வீட்டில் விட்டுவிடுங்கள், அவர் அழைத்துப்போவார். நீங்கள் பாலக்காட்டிலிருந்து பஸ் பிடித்து, சாப்பிட்டு, மெதுவாகக் கலோத்சவம் நடக்கும் சித்தூர் பக்கம் வந்தால் போதும். காலை பத்து மணி என்று நோட்டீஸில் போட்ட மிருதங்கம் பத்து மணிக்குத் தொடங்கியதாகக் கலோத்சவ சரித்திரத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

அன்புடன்,
அக்கா