மங்கிய கண்ணாடி, உட்கார்ந்த விமானம்

வணக்கம் சார்,

பணி ஓய்வுக்குப் பிறகு பிளாஸ்டிக் மாடல் கட்டுவதில் இறங்கியிருக்கிறேன். இப்போது 1/48 அளவில் பி-38 லைட்னிங், இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானம். விமானி அறையை மூடும் கண்ணாடியான கேனபியை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம். போதாக்குறைக்கு, சக்கரத்தில் நிறுத்தினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வால்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. இதே பித்துள்ள நாலைந்து பேர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். எல்லோரும் பளபளவென்று முடித்ததைத்தான் கொண்டுவருவார்கள். இதைக் கொண்டுபோனால் கிண்டல்தான் மிஞ்சும். மூடி வைத்துவிட்டு அடுத்த பெட்டியைப் பிரிக்கலாமா?

— ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

கொண்டுபோங்கள். முடிந்த மாடலைப் பார்த்து "பிரமாதம்" என்று சொல்லலாம், அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை. உங்கள் லைட்னிங்கை வைத்து ஒரு மாலை முழுக்கப் பேசலாம்.

கண்ணாடியில் இருப்பது அழுக்கல்ல. சூப்பர் க்ளூவிலிருந்து கிளம்பும் ஆவி பக்கத்துப் பரப்பில் படிந்து வெள்ளையாக இறுகிவிடும். தடயவியல்காரர்கள் கைரேகையைத் துலக்குவதும் இதே ஆவியைக் கொண்டுதான். கேனபியில் விரல் பட்டிருந்தால் உங்கள் ரேகையே அதில் தெரிந்தாலும் தெரியும்! மாடலைச் சற்று நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் அந்தப் பசை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், மெல்லிய பிளேடால் நெம்பிப் பாருங்கள். கழன்று வந்தால் பற்பசை தொட்டு நிதானமாகத் தேய்த்துக் கழுவி, தெளிவான அக்ரிலிக் வார்னிஷில் முக்கி எடுங்கள். திரும்ப ஒட்ட ஃபெவிகால் போதும்.

உட்கார்ந்துவிடுவதற்குக் காரணம் மூக்கில் எடை இல்லாததுதான். ஜப்பானிய மாடல் கம்பெனியான டாமியா தன் 1/48 லைட்னிங் பெட்டியில் இதற்கென்றே உலோகக் குண்டுகளைப் போட்டுத் தருகிறது. உங்கள் பெட்டியில் இல்லையென்றால் காற்றாடியின் கூம்புக்குள்ளும், முன்சக்கரக் குழியின் கண்ணில் படாத மூலையிலும் தூண்டில் ஈயத்தைத் திணிக்கலாம். ஆனால் அங்கே மட்டும் ஃபெவிகால் வேண்டாம். இந்த வகை வெள்ளைப் பசையிலிருந்து அசிட்டிக் அமிலம் கசியும், அது ஈயத்தை மெல்ல அரிக்கும். விளைவது ஒரு வெள்ளைப் பொடி, அதற்கு ஈயத்தைவிட இடம் அதிகம் வேண்டும். வருடக்கணக்கில் உள்ளுக்குள் உப்பிக்கொண்டே போய், ஒருநாள் மூக்கின் ஒட்டு பிளந்து நிற்கும். ஈயத்துக்கு, இரண்டு குழாயிலிருந்து கலந்து ஒட்டும் எபாக்ஸி பசையை வையுங்கள்.

இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் கொண்டுபோங்கள் என்கிறேன். கண்ணாடி மங்கினால் மறுநாளே தெரிந்துவிடும், அடுத்த தடவை உஷாராகிவிடுவோம். அலமாரியில் இருந்தபடியே சில வருடம் கழித்துப் பிளப்பதை யார் தானாகக் கற்றுக்கொள்ள முடியும்? பிளந்த மாடலை வெட்கப்படாமல் காட்டி, எந்தப் பசை, என்ன எடை என்று யாரோ விவரம் சொன்னதால்தான் நமக்குத் தெரிந்திருக்கிறது.

பெரிய கம்பெனிகளுக்கே இதில் வெட்கம் இல்லை. டாங்கி மாடல்களுக்கு வழக்கமாகிவிட்ட 1/35 அளவு ஏதோ கணக்குப் போட்டு வந்ததல்ல. 1960களின் தொடக்கத்தில் டாமியா கொண்டுவந்த பாந்தர் டாங்கிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்கியாக வேண்டியிருந்தது, அதற்கேற்ப உடல் அமைந்தது. பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய 1/35. இதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம், கொண்டுபோகும்போது "சொதப்பிட்டேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பசை, எவ்வளவு, மூடிய அறையா, மழை நாளா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். கிண்டல் பண்ணுகிறவரிடம், அவருடைய விமானத்தின் மூக்கில் ஈயத்தை எதை வைத்து ஒட்டினார் என்று கேளுங்கள்.