சுங்கை சிப்புட் வாசகர் கேள்வி பதில்: பிள்ளைகள் மதத் தீவிரவாதத்துக்கு இழுக்கப்படுவது ஏன்?

பதிலளிப்பவர் மலேசியாவின் தோட்டப்புற இடைநிலைப்பள்ளிகளில் நெடுங்காலம் ஆலோசக ஆசிரியராக இருந்தவர்.

கேள்வி: ஐயா, வறுமைதானே இதற்கெல்லாம் வேர்?

பதில்: வறுமை மட்டுமே வேர் என்றால், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த நம் லயங்களிலிருந்து தலைமுறைதோறும் நூற்றுக்கணக்கானோர் கிளம்பியிருக்க வேண்டும். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கூட்டத்தில் மருத்துவரும் அறிவியல் பட்டதாரிகளும் இருந்தார்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்ற தற்கொலைதாரிகளுள் இருவர், கொழும்பின் செல்வந்த மசாலா வணிகர் ஒருவரின் பிள்ளைகள். அவமானப்பட்ட மனம், அதைச் சொல்லி அழ ஆளில்லாத தனிமை, ‘உன் துயரத்துக்கு இன்னாரே காரணம், நாங்களே உன் சொந்தம்’ என்று அணைத்துக்கொள்ள ஒருவர்: இவை கூடும் இடத்தில்தான் தீ பற்றுகிறது. பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

கேள்வி: தோட்டத்தைத் துண்டாடி நம்மை அடுக்குமாடி வீடுகளுக்கு விரட்டியது அவமானம் இல்லையா? அதைச் சொல்லாமல் டோக்கியோவைப் பற்றிப் பேசுகிறீர்களே!

பதில்: அவமானம்தான், மறுக்கவில்லை. கோயிலும் திடலும் மூன்று தலைமுறை பழகிய அண்டை வீடும் ஒருசேரப் போன பிள்ளையிடம் ‘அண்ணன்’ என்று வந்து நின்றவர்கள் பெரும்பாலும் குண்டர் கும்பல்காரர்களே. மதத்தின் பெயரால் ஆள் சேர்ப்பவரும் அதே வாசலில்தான் காத்திருக்கிறார். ஆகவே வீடு கேட்டு மனுக் கொடுக்கும்போது திடலையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் வறுமை என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. இழப்பும் வறுமையும் ஒன்றல்ல. முதல் பதிலை மீண்டும் படியுங்கள்.

கேள்வி: எந்த மதத்தில் இது அதிகம்?

பதில்: எந்த மதமும் விலக்கல்ல. மியன்மாரில் பௌத்தத் துறவிகள் சிலரே வெறுப்பைப் பரப்பினார்கள்.

கேள்வி: விசாரணையின்றித் தடுத்துவைக்க இடம் தந்து, 2012இல் நீக்கப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இருந்திருந்தால், 2016இல் பூச்சோங் மதுக்கூடத்தில் கையெறிகுண்டு வெடித்திருக்குமா?

பதில்: எட்டுப் பேரைக் காயப்படுத்திய அந்தத் தாக்குதலுக்கு உத்தரவு, சிரியாவிலிருந்த ஒரு மலேசியரிடமிருந்து வந்தது; ஆகவே அந்தச் சட்டம் மட்டும் அதைத் தடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. கைது தேவைதான், கைதுக்குப் பின் என்ன செய்கிறோம் என்பதை எவரும் கேட்பதில்லை. சிங்கப்பூரில் ஜெமா இஸ்லாமியா என்ற தென்கிழக்காசியத் தீவிரவாத அமைப்பின் கைதிகளோடு 2003 முதல் சமய அறிஞர்கள் தாமே முன்வந்து அமர்ந்து, அவர்கள் கற்ற திரிபுகளைப் பொறுமையாகத் திருத்தி வந்திருக்கிறார்கள்.

கேள்வி: தங்கை மகன் படிவம் ஐந்து முடித்தவன். இரவெல்லாம் டெலிகிராம் குழுவில் கிடக்கிறான். தாய் சமைத்ததைத் தீட்டு என்று தொடுவதில்லை. பிற மதத்தாரை ஒழிக்க வேண்டும் என்கிறான். வீட்டைவிட்டு அனுப்பிவிடலாமா?

பதில்: அனுப்பாதீர்கள், அம்மா. மீண்டும் சொல்கிறேன், பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அவனோடு சமய வாதமும் வேண்டாம்; அதற்கான பதில்களை முன்பே மனப்பாடம் செய்ய வைத்திருப்பார்கள். இப்படி மாறிய என் மாணவன் ஒருவனுக்கு, அவன் தாய் பால்மரம் சீவப் போகுமுன் சோற்றைத் தட்டில் போட்டு மூடிவைத்துவிட்டுப் போவார். பல வாரம் அது வைத்தபடியே இருந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது தட்டு கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகே, விடுதியில் தன்னைச் சாதி சொல்லி இழிவுபடுத்தியதை அவன் வாய்திறந்து சொன்னான். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் காவல்துறையும் பள்ளிகளும் நகராட்சியும் சேர்ந்து இத்தகைய இளைஞர்களுக்கு நம்பகமான மூத்தவர்களைத் துணையாக அமர்த்துகின்றன. இங்கே தாய்மாமனோ அவனுக்குப் பிடித்த ஆசிரியரோ வாரம் ஒருமுறை அவனோடு உட்காரட்டும். ஆனால் அவன் பேச்சு இன்ன ஆள், இன்ன இடம், இன்ன நாள் என்று இறங்கினால், அன்றே காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள்.