மலைப்பாதைக் குழுப் பயணத்தில் விபத்து: ஒழுங்கு செய்தவரா பொறுப்பு?

கேள்வி: களுவாஞ்சிக்குடியிலிருந்து எட்டுப் பேர், எட்டு மோட்டார் சைக்கிள்களில் செங்கலடி – பதுளை வீதியால் லுணுகலை போய், மடூல்சீமைத் தோட்டப் பாதைகளில் இரண்டு நாள் ஓடினோம். பாதை பார்த்தது, தங்குமிடம் பிடித்தது, ஆளுக்கு 6,500 ரூபா சேர்த்தது எல்லாம் நான். ஈரமான இறக்கமொன்றில் ஒருவர் சறுக்கி, முடக்கில் படம் எடுக்க நிறுத்தியிருந்த நண்பர் மேல் மோதினார். நண்பருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. மோதியவர் ஓட்டியது மச்சானிடம் இரவல் வாங்கிய 150 சிசி வண்டி. அவரிடம் இருப்பது ஏ1 அனுமதிப்பத்திரம். "விபத்து நடந்தால் யாரும் பொறுப்பில்லை" என்று எல்லோரும் முன்பே கையெழுத்திட்டிருந்தோம். இப்போது நண்பரின் குடும்பம் 12 இலட்சம் கேட்டு, 14 நாள் தவணையுடன் எனக்குச் சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பியிருக்கிறது. நான் கட்ட வேண்டுமா?

பதில்: இன்றைய நிலையில் பணம் கட்டவும் வேண்டாம், கட்டுவதாக வாய்ப்பேச்சிலோ வட்ஸ்அப்பிலோ சொல்லவும் வேண்டாம். ஆனால் 14 நாளுக்குள் எழுத்தில் பதில் போயாக வேண்டும். கோரிக்கைக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டதை ஒப்புதலுக்குச் சமமாக எடுத்த தீர்ப்புகள், முக்கியமாக வணிக விடயங்களில், இலங்கையில் உண்டு. உங்கள் விடயம் வணிகமல்ல என்று வாதிடலாம்தான்; அந்த வாதத்துக்கே இடம் வைக்காதீர்கள்.

நட்டஈட்டு வழக்கு இங்கே ரோமன்-டச்சுச் சட்டப்படி (ஒல்லாந்தர் காலத்திலிருந்து தொடரும் பொதுச் சட்டம்) நடக்கும். அதன் அடிப்படை தவறு அல்லது கவனயீனம். குழுவுக்குத் தலைவர் என்ற பெயருக்காக யாரும் பொறுப்பாளியாவதில்லை. நீங்கள் செய்த ஏதாவது, அல்லது செய்யாமல் விட்ட ஏதாவது இந்தக் காயத்துக்குக் காரணமானதா என்பதே கேள்வி. காசு சேர்த்தது செலவைப் பங்கிடத்தான் என்றால் அது உங்களைப் பாதிக்காது. எரிபொருள், தங்குமிட பில்களை எடுத்து வையுங்கள். மிச்சக் காசு உங்கள் கையில் இருந்தால் கணக்கு எழுதி எட்டாகப் பிரித்துத் திருப்பிக் கொடுங்கள். இலாபம் வைத்திருந்தால் கதை வேறு: அது கட்டணத்துக்குச் செய்த சேவையாகிவிடும், நீங்கள் கையெழுத்து வாங்கிய தாளும் பெருமளவு பயனற்றுப் போகும். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம், வியாபாரமாகச் செய்பவர் தன் கவனயீனத்தால் வந்த மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பைத் தட்டிக்கழிப்பதை ஏற்பதில்லை.

வியாபாரம் இல்லாவிட்டாலும் அந்தத் தாளை அதிகம் நம்பாதீர்கள். பாதையில் ஆபத்து உண்டு என்று நண்பர் அறிந்தே வந்தார் என்பதற்கு அது சாட்சியாகும், அவ்வளவுதான். பாரதூரமான கவனயீனத்துக்கு அது கேடயமல்ல, பொலிஸ் வழக்கை அது தடுக்காது. உயிரிழப்பு நடந்திருந்தால், சாப்பாட்டுக்கு அவரை நம்பியிருந்த மனைவி பிள்ளைகளின் கோரிக்கை அவர்களுடைய சொந்த உரிமை. அவர் போட்ட கையெழுத்து அதைக் கட்டுப்படுத்தாது. 18 வயது நிரம்பாதவரின் கையெழுத்தாலும் உங்களுக்குப் பாதுகாப்பில்லை.

உங்களுக்கு உண்மையான ஆபத்து அந்த அனுமதிப்பத்திரத்தில்தான் இருக்கிறது. ஏ1 என்பது 100 சிசி வரையான வண்டிக்கு. அதற்கு மேல் ஓட்ட ஏ வகுப்பு வேண்டும். அவரிடம் ஏ வகுப்பு இல்லை என்று புறப்படும் முன் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தும் அந்த இறக்கத்தில் அவரை வரிசையில் விட்டிருந்தால், "உங்கள் கவனயீனமும் சேர்ந்தது" என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஒரே காயத்துக்கு இருவர் காரணம் என்று நீதிமன்றம் கண்டால், காயப்பட்டவர் முழுத் தொகையையும் உங்களில் ஒருவரிடமே கேட்கலாம். நீங்கள் கட்டிவிட்டு மற்றவரிடம் பங்கு கேட்டு அலைய வேண்டும். அதனால் இதை உங்கள் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

முதல் பொறுப்பாளி மோதியவர்தான். குடும்பம் பணம் தேட வேண்டிய இடமும் அவர் ஓட்டிய வண்டியின் காப்புறுதி. அடிபட்டவர் வேறு வண்டிக்காரர். மோதிய வண்டிக்கு அவர் மூன்றாம் தரப்பு. மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயமாக இருக்க வேண்டிய மூன்றாந்தரப்புக் காப்புறுதி இப்படிப்பட்ட காயத்துக்காகவே இருக்கிறது. அனுமதிப்பத்திர வகுப்பைக் காட்டி நிறுவனம் மறுக்கப் பார்க்கும், ஆனாலும் எழுத்தில் அறிவித்தலை இப்போதே கொடுக்கச் சொல்லுங்கள். இரவல் கொடுத்த மச்சான், கொடுத்த காரணத்துக்காக மட்டும் மாட்டமாட்டார். மோதியவரிடம் ஏ1 மட்டுமே உண்டு என்று தெரிந்தே சாவியைக் கொடுத்திருந்தால் மச்சானுக்கும் கேள்வி வரும்.

அடுத்தது, நண்பர் நின்ற இடம். முடக்குக்குள், பின்னால் வருபவருக்குத் தெரியாதபடி நிறுத்தியிருந்தால் அவருடைய கவனயீனமும் கணக்கில் வரும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்த பின், அதனால் அவர் வழக்கு முற்றாகத் தோற்காது. அவருடைய தவறின் விகிதத்துக்கு நட்டஈடு குறையும். அவர் எடுத்த படத்தின் நேரம், தொலைபேசியில் பதிந்த இடம், பொலிஸ் கீறிய வரைபடம், மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளைக் கேட்டு எடுங்கள். தேய்ந்த டயர் காரணமா, இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே பிடித்துச் சூடேற்றியதா, ஈர இலையில் முன் பிரேக்கை இறுக்கியதா என்பது பரிசோதகர் அறிக்கையிலும் சறுக்கிய தடத்திலும் ஓரளவு தெரியும்.

பொலிஸ் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்களா என்று எல்லோரிடமும் விசாரியுங்கள். இனிக் கூப்பிட்டால் விளங்காத தாளில் கையெழுத்திட வேண்டாம், தமிழில் பதியக் கேளுங்கள். மோதியவர் நீதவான் நீதிமன்றத்தில் "குற்றப்பணம் கட்டி முடிப்போம்" என்று அவசரப்பட்டுக் குற்றத்தை ஏற்றால், அந்த ஏற்பு பின்னர் நட்டஈட்டு வழக்கில் அவருக்கு எதிரான சாட்சியாக வரும். சட்டத்தரணி இல்லாமல் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காயத்துக்கான வழக்கைக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விபத்து நடந்த இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலும் போடலாம், நீங்கள் வசிக்கும் இடத்துக்குரியதிலும் போடலாம். நட்பு முறியாமல் முடிக்க விரும்பினால் இரு தரப்பும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 12 இலட்சத்துக்கு விவரம் கேளுங்கள்: ஆஸ்பத்திரி பில், மருந்து, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளச் சீட்டு, வேதனைக்கான தொகை என்று தனித்தனியாக. அரச ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சை நடந்திருந்தால் முதலாவது தலைப்பு சிறிதாகத்தான் இருக்கும்.

பதில் கடிதத்தில் நான்கு விடயம் போதும்: இலாபமில்லாத நண்பர்கள் பயணம், உங்கள் கவனயீனம் மறுக்கப்படுகிறது, மோதிய வண்டியின் இலக்கமும் காப்புறுதி விவரமும், கோரிக்கையின் விவரத்தைக் கேட்பது. "வருந்துகிறேன்" என்று மனிதத்தன்மையோடு எழுதுங்கள், "என் பிழை" என்று எழுதாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு குத்தி வையுங்கள்.

மீண்டும் போவதென்றால், முதல் நாளே ஒவ்வொருவரின் அனுமதிப்பத்திரத்தின் இரு பக்கத்தையும், வருமான அனுமதிப்பத்திரத்தையும், காப்புறுதி அட்டையையும் படம் எடுத்து வாங்குங்கள். வகுப்பு பொருந்தாதவரை ஓட்ட விடாதீர்கள், பின்னால் ஏறி வரச் சொல்லுங்கள். பசறை – லுணுகலை வீதியில், 13ஆம் கட்டைப் பக்கம் 2021 மார்ச்சில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்ததை மறக்க வேண்டாம். அந்த மலைச்சரிவுகளில் நவம்பர் முதல் ஜனவரி வரை மழை வலுக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் ஆட்களைக் கூட்டிப்போனால், உங்கள் கவனயீனத்துக்கு அந்த எச்சரிக்கையையே எதிர்த்தரப்பு சாட்சியாக வைக்கும். மகா ஓயாப் பக்கம் யானை இறங்கும் நேரத்துக்கு முன், வெளிச்சத்தோடு செங்கலடிக்கு வந்துவிடும்படி புறப்படுங்கள்.