ஆனைக்கற்றாழையின் அடிமடல் மஞ்சளாகிறது: சீவிவிடலாமா?

சீவ வேண்டாம். முழுவதும் காய்ந்து சருகான அடிமடல்களை மட்டும் எடுங்கள். பாதி மஞ்சளாகிவிட்டதாக நீங்கள் எழுதிய நான்கு மடல்களும் இன்னும் செடிக்கு உணவு தருகின்றன. அடிமடல்களை அன்னாசிப்பழம் போலத் தெரியும்படி ஒட்டச் சீவுவது பார்க்க அழகு, செடிக்குத் தண்டனை.

சிமெண்ட் தொட்டி, தோட்டத்துச் செம்மண், கோத்தகிரியின் ஐப்பசி மழை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஈரத்தின் மீதுதான் சந்தேகம். இது மெக்சிகோவின் வறண்ட நிலத்துச் செடி. நம் மூடுபனியில் தொட்டி மண் வாரக்கணக்கில் காய்வதில்லை.

1. மஞ்சள் மடலின் அடியை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். கொழகொழவென்று நாற்றமடித்தால் அழுகல். அதை மட்டும் உடனே அறுத்தெடுங்கள்.

2. நடுக்குருத்தை மெல்ல அசையுங்கள். ஆடாமல் நின்றால் செடி பிழைக்கும். கையோடு வந்துவிட்டால் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடுவதுதான் வழி.

3. தொட்டியின் ஓட்டையைக் குச்சியால் குத்திப் பாருங்கள். குன்னூரில் என் தொட்டியில் வேரே அடைத்துக்கொண்டிருந்தது! மாற்றி நடும்போது செம்மண்ணோடு பாதிக்குப் பாதி மணலும் பொடிக்கல்லும் கலந்துகொள்ளுங்கள்.

வெட்டுமுன் நுனிமுள்ளை நறுக்கிவிடுங்கள். முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் கட்டாயம். சாறு பட்டால் தோல் எரிந்து தடிக்கும். ஒருமுறை மணிக்கட்டில் வாங்கிக்கொண்டவன் சொல்கிறேன்.

ஒன்று மட்டும்: நடுவிலிருந்து பூத்தண்டு கிளம்பியிருந்தால் இவை எதுவும் பயன்படாது. தாய்ச்செடி ஒரே முறை பூத்து மடிந்துவிடும்.