பிடித்த மீனை விட்டுவிடத்தான் வேண்டும் என்றால் அந்தப் படகுக்கு ஏன் இவ்வளவு காசு?

கேள்வி: கனடாவில் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஒரு நாள் படகை வாடகைக்கு எடுத்துப் பெரிய புளூஃபின் டூனா பிடிக்கப் போகலாம் என்று பார்த்தேன். ஆனால் பிடித்த மீனைக் கடலிலேயே விட்டுவிட வேண்டுமாம். அப்படியென்றால் இது காசைக் கடலில் கொட்டுவதுதானே?

பதில்:

இல்லை. போய் வந்தவன் என்பதால் சொல்கிறேன்.

நீங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோடை விடுமுறையில் போக நினைக்கிறீர்கள். வீட்டில் யாரோ "அந்தக் காசுக்குக் கடையிலேயே எவ்வளவு மீன் வாங்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். என் ஊகம் அப்படி. எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "கொப்பர் காசுக்காக மீன் பிடிச்சார், நீ காசு குடுத்துப் பிடிக்கிறியோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நெஞ்சில் கிடந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரன். ஐயா தொழிலுக்குப் போனவர். எங்கள் ஊரில் தொழில் என்றால் கடல்தான், வேறு விளக்கம் தேவையில்லை. அவருடைய வலக்கைச் சுட்டுவிரல் மடிப்பில் தங்கூசி நூல் அறுத்த தழும்பு இருந்தது. டூனா இனத்துச் சூரை மீன் ஒன்று இழுத்துக்கொண்டு ஓடியபோது விட மனமில்லாமல் பிடித்திருந்ததால் வந்த தழும்பு. எனக்குப் பதின்மூன்று வயது ஆனதும் கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வயதில், 1990 ஜூனில், போரால் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். துறைமுகம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 2017 ஜூலையில்தான் அது திரும்பக் கிடைத்தது. அதைப் பார்க்க ஐயா இல்லை. மயிலிட்டியில் பிறந்த நான் ஒரு நாளும் ஐயாவோடு வள்ளத்தில் ஏறவில்லை.

ஆகவே நாற்பது வயது தாண்டிய பிறகு, என் அண்ணன் மகன் "சித்தப்பா, பெரிய டூனா பிடிக்கப் போவமா?" என்று கேட்டபோது நான் காசைக் கணக்குப் பார்க்கவில்லை. அவனும் நானும், என்னோடு வேலை செய்யும் இரண்டு பேருமாக நாலு பேர். செலவைப் பிரித்தபோது படகுக்கு மட்டும் ஆளுக்கு 400 டாலருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து வாடகைக் காரில் இரண்டு நாள் ஓட்டம். தீவுக்குப் போகும் கொன்ஃபெடரேஷன் பாலம் 12.9 கிலோமீட்டர் நீளம். அதில் ஏறியதும் பொடியன் கண்ணாடியை இறக்கி உப்புக் காற்றை உள்ளே விட்டான்.

நோர்த் லேக் என்பது தீவின் கிழக்கு முனைக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் துறைமுகம். உலகின் டூனா தலைநகரம் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். படகுகள் சுற்றுலாவுக்கென்று செய்தவை அல்ல. ஜூன் முடியும்வரை சிங்க இறால் பிடித்த அதே படகுகள்தான். அதனால் படகை ஓட்டும் தண்டையலும் உண்மையான மீனவர். அவருடைய கையைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

செப்டம்பர் முதல் வாரம், விடிய வெளிக்கிட்டோம். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே படகை நிறுத்தி, ஹெரிங் மீனைக் கை நிறைய அள்ளிக் கடலில் எறிந்தார்கள். ஹெரிங் நம் சூடைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. கும்பளா இனத்து மக்கரலும் இந்த மீனுக்குப் பிடித்த இரைதான். ஆனால் 2022இல் கனடா அரசு அட்லாண்டிக் பக்கத்தில் மக்கரல் வணிகப் பிடிப்பை மூடிவிட்டது. தண்டையல் அதைப் பற்றி நிறையச் சொன்னார். கடலைப் பார்க்காதவர்கள் கடலுக்குச் சட்டம் போடுகிறார்கள் என்றார். இரையே குறைந்துபோனால் டூனா எதைத் தின்னும் என்றும் அவரே சொன்னார். இரண்டும் எனக்கு விளங்கியது.

பத்து நிமிடம் இருக்கும். படகுக்கு அடியில் நீலமாக ஏதோ சரிந்து போனது. பிறகு இன்னொன்று. நான் சூரையைச் சந்தையில் கூறி விற்கிறபோது பார்த்தவன், முழங்கை நீளம், சிலது இடுப்பளவு. இது ஒரு மாட்டின் பருமன். எறிந்த ஹெரிங்கை வாயைப் பெரிதாகத் திறக்காமலே உள்ளே வாங்கிக்கொண்டு திரும்பியது. அந்தத் திரும்பலில் படகு லேசாக ஆடியது. நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாயிலிருந்து வந்த சொல் "ஐயா" என்பதுதான்.

தூண்டில் வளைந்த வட்ட வடிவம். நுனியில் பின்பக்கம் பார்த்து நிற்கும் முள் கிடையாது. அதனால் கடைவாயில் கொளுவும், கழற்றுவது சுகம். நூல் 200 இறாத்தல் தாங்கக்கூடியது. கோலைப் படகு விளிம்பில் இருக்கும் குழாயில் செருகிவிடுவார்கள். சுற்றுவது நம் வேலை, மீன் போகிற பக்கம் படகைத் திருப்புவது தண்டையலின் வேலை.

மீன் கொளுவியதும் நூல் சுற்றியிருக்கும் ரீல் போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது. சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான மீட்டர் நூல் போய்விட்டது. முதலில் பொடியன் சுற்றினான். பத்து நிமிடத்தில் கை விட்டுவிட்டான். ஒரு சுற்றுக்கு ஒரு சாண் நூல் வரும், பிறகு மீன் ஒரு தடவை தலையை ஆட்டினால் ஐம்பது மீட்டர் போகும். மாறி மாறிச் சுற்றினோம். கடைசிக் கால்மணி நேரம் நான். முதுகும் தோளும் எரிந்தன. ஐயா இதை வெறுங்கையால் செய்தார் என்பது அப்போதுதான் என் உடம்புக்கு விளங்கியது. அவருடைய சூரை இவ்வளவு பெரிதல்ல, அது எனக்கும் தெரியும். ஆனால் அவரிடம் ரீலும் இல்லை, குழாயும் இல்லை.

தண்டையல் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்த மீனின் இரத்தம் சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடானது. அதிகம் இழுபட்டால் தசை சூடேறித் தளர்ந்து செத்துப்போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் நூலை வெட்டிவிடுவேன் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். எங்களுக்கு நாற்பத்தேழு நிமிடம் எடுத்தது.

படகோரம் வந்ததும் மேலே தூக்கவில்லை. தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு படகை மெல்ல ஓட்டினார்கள். நீந்தினால்தான் அதற்கு மூச்சு, செவுளுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நீளத்தைப் பார்த்து 320 கிலோ இருக்கும் என்றார் தண்டையல். உலக சாதனை 679 கிலோ, 1979இல் பக்கத்து நோவா ஸ்கோஷியாவில் பிடித்தது. குனிந்து அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். வாலடியில் இருக்கும் அந்தச் சின்ன மஞ்சள் துடுப்புகளைத் தொட்டுப் பார்த்தேன். தூண்டிலைக் கழற்றியபோது என் மனம் விடச் சொல்லவில்லை. இதை மறைக்க மாட்டேன். பிடித்த மீனை விடுவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். வாலை ஒரு அடி அடித்தது, முகத்தில் தண்ணீர் தெறித்தது, போய்விட்டது.

ஏன் விட வேண்டும் என்று கேட்டீர்கள். இந்த மீனுக்கு ஒரு காலத்தில் விலையே இல்லை. 1972 ஆகஸ்டில் இந்தத் தீவின் டூனாவை ஜப்பான் ஏர்லைன்ஸ் சரக்கு விமானத்தில் ஏற்றி டோக்கியோவின் ட்சுகிஜி மீன் சந்தையில் விற்றார்கள். ஜப்பானிலிருந்து பொருள் கொண்டுவந்த விமானங்கள் திரும்பிப் போகும்போது வெறுமையாகப் போகாமலிருக்க ஏதாவது ஏற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு விலை ஏறியது, மீன் குறைந்தது. இப்போது மீனவருக்கே ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய மீன்கள்தான். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பட்டி உண்டு. சுற்றுலாவுக்குப் போகிறவன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால் அது ஒரு மீனவக் குடும்பத்தின் மீன். இப்படி நினைத்த பிறகுதான் என் மனம் ஆறியது.

மீனை வதைத்து விளையாடுவது பாவம் என்று கீழே யாராவது எழுதுவார்கள். அந்தக் கேள்வி எனக்குள்ளும் வந்தது. இப்படி விட்ட மீன்களில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள், பெரும்பாலானவை பிழைத்திருக்கின்றன. எல்லாமே பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. அது பொறுக்கவில்லை என்றால் போகாதீர்கள், உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுஷிக் கடையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காரைத் திருப்பிக் கொடுத்த இடத்தில் "மீன் மணக்கிறது" என்று 250 டாலர் கூடுதலாக எடுத்தார்கள். நாங்கள் மீனே கொண்டுவரவில்லை. சப்பாத்தில் ஹெரிங் செதில் ஒட்டியிருந்திருக்கலாம், இல்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் கவுண்டரில் நின்றவர் காருக்குள் ஏறாமலே, எங்கே போனீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அதை எழுதினார். 1991இல், இடம்பெயர்ந்து போய்ச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர் என்னைக் கடைசி வாங்கில் யன்னலோரம் இருத்தினா. கடற்கரைப் பொடியன், மணக்கும் என்றா. அப்போது ஐயா கடலுக்குப் போகாமல் எட்டு மாதம். எங்கள் வீட்டில் கருவாடுகூட இல்லை. 250 டாலர் எனக்குப் பெரிதில்லை. அந்தக் கார்க் கொம்பனிக்கு நாலு கடிதம் எழுதிவிட்டேன், ஐந்தாவதும் எழுதுவேன்.

அம்மாவுக்கு அன்றிரவே போன் எடுத்தேன். மீனின் நிறையைக் கேட்டா, சொன்னேன். "விட்டுட்டியளோ?" என்றா. ஓம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போகேக்கை நல்லா நீந்திப் போச்சுதோ?" என்று கேட்டா. ஐயா கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

நீங்கள் போவதானால் ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பருக்குள் பாருங்கள். காற்றுக்காகப் பயணம் ஒரு நாள் தள்ளிப்போகலாம், அதனால் ஒரு நாள் கூடுதலாகத் தங்க இடம் எடுங்கள். தண்டையல் போக வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். வாந்தி வருபவர்கள் மாத்திரையை முதல் நாள் இரவே போட வேண்டும், படகில் ஏறிய பிறகு போட்டுப் பலனில்லை. கோடையென்று நம்பி மெல்லிய சட்டையோடு போக வேண்டாம், விடியற்காலையில் பல் கிட்டும். மீன் படகோரம் வரும்போது பிள்ளைகள் முன்னால் நிற்கட்டும், கைத்தொலைபேசியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இரண்டு கையும் வேண்டும்.